ஹார்ட்டாப் வேகன்: ‘வன்கூரை’யா, ‘தூணிலி’யா?

> ‘ஹார்ட்டாப்’ என்பதற்குச் சொல்தொகுப்பில் ‘வன்கூரை’ என்று போட்டிருக்கிறேன். 1950களின் அமெரிக்க ஸ்டேஷன் வேகன்கள் பற்றிய கட்டுரைக்கு வேண்டும். ‘ஸ்டேஷன் வேகன்’ என்பதை அப்படியே விட்டுவிட்டேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ‘வன்கூரை’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1950களில் எந்த வேகனுக்குத்தான் (கூரை வால் வரை நீண்டு, பின்னால் சாமான் ஏற்ற இடம் விட்ட கார்) இரும்புக் கூரை இல்லை? அந்தச் சொல்லை வைத்தால் எல்லா வேகனும் வன்கூரை வேகன்தான். நீங்கள் எழுதப்போகும் அந்தச் சில அபூர்வ வண்டிகளை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்ட அது உதவாது.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். துணிக்கூரையை மடக்கி வைக்கும் கன்வெர்ட்டிபிள் கார்களின் தோற்றத்துக்கு அப்போது பெரிய மயக்கம் இருந்தது. மழை, குளிர், கிழியும் துணி ஆகிய தொல்லைகளை யாரும் விரும்பவில்லை. 1949இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பியூக், கேடிலாக், ஓல்ட்ஸ்மொபில் பிராண்டுகள் மூன்றிலும் ஒரு நடுவழி கண்டது. கூரை இரும்பு, கழற்ற முடியாது. ஆனால் கதவுக்குப் பின்னால் நிற்கும் தூணை எடுத்துவிட்டார்கள். கண்ணாடிகளை இறக்கினால் பக்கவாட்டில் ஒரே திறப்பு. அதைத்தான் ‘ஹார்ட்டாப் கன்வெர்ட்டிபிள்’ என்று விற்றார்கள். துணிக்கூரைக்கு எதிராக ‘ஹார்ட்’, அவ்வளவுதான். பிறகு ‘கன்வெர்ட்டிபிள்’ உதிர்ந்து முன்பாதி மட்டும் நின்றுவிட்டது. அந்த மிச்சத்தை நாம் மொழிபெயர்த்தால் வண்டியின் முக்கியமான சங்கதி சொல்லில் வராது.

முக்கியமான சங்கதி அந்த இல்லாத தூண். எனவே என் பரிந்துரை ‘தூணிலி’. முதுகெலும்பிலி என்று உயிரியலில் வைத்து எல்லோரும் படித்துவிட்டோம், அதே வார்ப்புதான்.

வேகனில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1957 பியூக் கபாயெரோ என்ற தூணிலி வேகனின் படம் ஒன்றை நிதானமாகப் பாருங்கள், நான்கு கண்ணாடியும் இறங்கியிருக்கும் படமாக. முன்கண்ணாடியின் வளைவிலிருந்து பின்னிருக்கையைத் தாண்டும் வரை ஒரு குறுக்குக் கோடு கூட இல்லை. கதவுகளில் கண்ணாடிச் சட்டமும் கிடையாது. கீழே, முன்சக்கரத்துக்கு மேலே தொடங்கும் குரோம் பட்டை மெல்லச் சரிந்து, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தாழ்ந்து, சக்கரத்தைச் சுற்றி வளைந்து மேலேறும். மேலே அந்த நீளக் கூரை தன்பாட்டுக்குப் போகிறது. நடுவில் ஒரு தூண் நின்றிருந்தால் கண் அங்கே முட்டி நின்றிருக்கும். கீழே ஓடும் வளைவும் மேலே ஓடும் கூரையும் தனித்தனி ஆகியிருக்கும். மூட்டை ஏற்றும் வண்டிக்கு இந்த ஒய்யாரம் தேவையா என்றால் தேவையே இல்லை. அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது.

செய்வதும் எளிதல்ல. செடானிலாவது பின்னிருக்கைக்குப் பின்னால் உடற்கூட்டைக் குறுக்கே இழுத்துப் பிடிக்க ஒரு தடுப்பு உண்டு. வேகனில் அதுவும் இல்லை. வால் கதவு வரை ஒரே அறை. கூரையோ நீளம், கனம். நடுத்தூணையும் எடுத்துவிட்டால் மேடுபள்ளத்தில் உடல் முறுக்கிக்கொள்ளும். பின்கதவின் கீல்களைத் தாங்க இடுப்பளவுக்கு ஒரு குட்டைத் தூண் மட்டும் வைத்து, கூரை ஓரத்தையும் கதவுக்கு அடியில் ஓடும் வரம்பையும் கனமாக்கினார்கள். இரண்டு கண்ணாடிகள் நேருக்கு நேர் முட்டும் இடத்தில் ஒரு ரப்பர் பட்டைதான் காவல். அது கொஞ்சம் இறுகிப்போனால் போதும்: காற்று இரையும், மழைநீர் மடியில் சொட்டும்.

முதலில் துணிந்தது பெரிய கம்பெனி இல்லை. 1956இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் தன் ராம்ப்ளர் கிராஸ் கன்ட்ரியில் நான்கு கதவுத் தூணிலி வேகனைக் கொண்டுவந்தது. அதில் பின்னிருக்கைக்கு மேலே கூரை ஒரு படி இறங்கி, அந்தத் தாழ்வில் சாமான் தாங்கி உட்கார்ந்திருக்கும். (அதற்கு ‘படிக்கூரை’ என்று தனிச்சொல் போட்டுவிடலாம்.) அடுத்த ஆண்டே பியூக், ஓல்ட்ஸ்மொபில் ஃபியெஸ்ட்டா, மெர்க்குரி எல்லாம் வந்துவிட்டன. மெர்க்குரி 1957 முதல் 1960 வரை தன் வேகன்கள் எல்லாவற்றையுமே தூணிலியாகச் செய்தது. கடைசிவரை பிடித்து நின்றது கிரைஸ்லர் குழுமம். 1964உடன் அவர்களும் விட்டுவிட்டார்கள்.

விற்பனை சுமார்தான். கபாயெரோ 1957இல் 10,186, மறு ஆண்டு 4,456. 1958இல் அமெரிக்கன் மோட்டார்ஸின் அம்பாசடர் தூணிலி வேகன் மொத்தமே 294. (நம் ஊர் அம்பாசடருக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டுமே. கட்டுரையில் ஒரு வரி சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் டாக்சி ஸ்டாண்டை நினைத்துக்கொள்வார்கள்.)

‘ஸ்டேஷன் வேகன்’ பற்றி: ‘நிலைய வண்டி’ என்று யாராவது சொல்லும் முன் நான் ‘நீள்கூரை’யை முன்மொழிகிறேன். ரயிலடியிலிருந்து ஆளையும் பெட்டியையும் ஏற்றி வந்த காலத்தில் வந்த பெயர் அது. இப்போது ஸ்டேஷனுக்கும் வண்டிக்கும் தொடர்பில்லை. அமெரிக்கச் சேகரிப்பாளர்களே செல்லமாக ‘லாங்ரூஃப்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘தூணிலி நீள்கூரை’ என்றால் உருவம் கண்ணில் வந்துவிடுகிறது. ‘வன்கூரை நீள்கூரை’ என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு மாடி வீடு போல இருக்கிறது.

அன்புடன்.

— — —

> ‘தூணிலி’ என்றால் தூணே இல்லை என்று ஆகாதா? முன்னும் பின்னும் தூண்கள் இருக்கின்றனவே. தவிர, பட்டறையில் ‘சென்டர் பில்லர்’ என்றால் எல்லோருக்கும் புரியும். அப்புறம், செவ்ரொலே நோமாட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதுதானே இந்த வகையில் புகழ்பெற்றது?

ஐயா, மூன்றும் நல்ல கேள்விகள்.

முதலாவது. இலக்கணச் சுத்தமாக வேண்டுமென்றால் ‘நடுத்தூணிலி’. கட்டுரையில் முதல் இடத்தில் முழுச்சொல், பிறகு சுருக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் வழங்கும் ‘பில்லர்லெஸ்’ என்பதிலும் இதே தளர்ச்சி உண்டு, யாரும் குழம்பவில்லை.

பட்டறைச் சொல்லை மாற்றச் சொல்லவில்லை. டிங்கரிங் பார்ப்பவரிடம் போய் ‘நடுத்தூண் நசுங்கிவிட்டது’ என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் எழுத்தில் ஏ, பி, சி, டி பில்லர் என்று எழுத்துக் கணக்காகப் போவதைவிட முன்தூண், நடுத்தூண், பின்தூண், கடைத்தூண் என்றால் படிப்பவருக்கு இடம் தெரியும். கோயில் மண்டபங்களில் போல ‘கால்’ என்று வைக்க எனக்கு ஆசைதான், நூற்றுக்கால் மண்டபம் என்கிறோமே. ஆனால் ‘முன்கால்’ மாட்டுக்குப் போய்விடும், ‘கடைக்கால்’ ஏற்கெனவே அஸ்திவாரம். எனவே தூணே இருக்கட்டும்.

நோமாட்டை வேண்டுமென்றேதான் விட்டேன். 1954இல் ஜெனரல் மோட்டார்ஸின் மோட்டோராமா கண்காட்சியில் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் சாயலில் காட்டிய மாதிரியிலிருந்து வடிவமைப்பாளர் கார்ல் ரென்னர் வரைந்த கூரை அது. 1955 முதல் 1957 வரை இரண்டே கதவோடு வந்தது. கூரையில் குறுக்கே ஓடும் வரிப்பள்ளங்கள், வால் கதவில் இறங்கும் குரோம் பட்டைகள், எல்லாம் அழகு. ஆனால் கதவுக்குப் பின்னால் அகலமான தூண் ஒன்று முன்னோக்கிச் சாய்ந்து நிற்கிறது. மறைக்கவில்லை, காட்டுகிறார்கள்! வண்டி நிற்கும்போதே ஓடுவது போலத் தெரிவது அந்தச் சாய்வால்தான். கபாயெரோவில் தூண் போனதால் வந்த அழகு, நோமாட்டில் தூண் இருப்பதால் வருகிறது. ‘வன்கூரை’ என்று வைத்தால் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுவோம். ‘தூணிலி’ என்று வைத்தால் நோமாட் தானாக வெளியே நிற்கும். அதை ‘சாய்தூண் நீள்கூரை’ என்று எழுதுங்கள். அதன் உடன்பிறப்பு போன்டியாக் சஃபாரிக்கும் அதே சொல் பொருந்தும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: இரும்புக் கூரையே மடங்கிப் பின்பெட்டிக்குள் போகிற கார்களும் உண்டு. அங்கே கூரையின் கடினம்தான் பேச்சு, ஆகவே ‘மடிவன்கூரை’ சரி. உங்கள் சொல் வீண் போகவில்லை.

ஸ்டூட்பேக்கர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் வேகனேர் வேகன் பற்றி இன்னொருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார். ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்தது; கூரையின் பின்பகுதி முன்னே நகர்ந்து, ஃபிரிட்ஜை நிமிர்த்தியே ஏற்றலாம். ‘நகர்கூரை’ என்று நான் சொல்வேன், சன்ரூஃபும் அதற்குள் வந்துவிடுகிறதே என்று அவர் சொல்கிறார். அதற்குத் தனி இழை தொடங்கிவிட்டேன், அங்கே வாருங்கள்.