வலைப்பதிவில் படித்த ராக ஆராய்ச்சியை ஆய்வேட்டில் எப்படிக் குறிப்பிடுவது?

எட்டயபுரத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினியில் ரீதிகௌளை ராகம் எப்படி வருகிறது என்பது அதில் ஓர் இயல். 1904-ல் எங்கள் ஊரிலேயே அச்சான புத்தகம்தான். ஆனால் தெலுங்கு எழுத்து, எனக்கு வாசிக்கத் தெரியாது. மியூசிக் அகாடமி போட்ட தமிழ்ப் பதிப்பையும், இணையத்தில் கிடைக்கும் ஆங்கில வடிவத்தையும் வைத்துத்தான் வேலை ஓடுகிறது.

புனைபெயரில் எழுதும் ஒரு ரசிகர், அந்த ராகத்தில் எந்த ஸ்வரத்துக்கு எந்தக் கமகக் குறி (ஸ்வரத்தை எப்படி அசைத்துப் பாடுவது என்று காட்டும் குறி) வருகிறது என்று உருப்படி உருப்படியாக எண்ணித் தன் வலைப்பதிவில் அட்டவணை போட்டிருக்கிறார். நிஷாதத்தை, அதாவது 'நி' ஸ்வரத்தைப் பற்றி அவர் கண்டு சொன்னதை எடுத்துவிட்டால் என் இயலே நிற்காது. நெறியாளரோ, "வலைப்பதிவெல்லாம் சான்று ஆகாது, அடிக்குறிப்பில் மூலநூலைப் போட்டுவிட்டுப் போ" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பாளை நூலகன்:

தங்கச்சி, ஒப்பவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து அடிக்குறிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருப்பவன் நான். நீங்கள் கையில் எடுத்துப் படித்தது எதுவோ அதைத்தான் போட வேண்டும். தெலுங்கு மூலத்தைத் திறக்காமல் அதன் பெயரை அடிக்குறிப்பில் எழுதினால், படித்ததாகச் சொல்கிறீர்கள் என்றுதான் பொருள். வாய்மொழித் தேர்வில் "எந்தப் பக்கம்?" என்று ஒரு கேள்வி வந்தால் போதும், அவ்வளவுதான். அகாடமி பதிப்பு என்றே எழுதி, எந்த பாகம், எந்தப் பக்கம் என்று கொடுங்கள். மூலம் 1904, தெலுங்கு எழுத்து என்பதை முன்னுரையில் ஒரு தடவை சொன்னால் போதும்.

இந்த நூலுக்கு இது இன்னும் முக்கியம். கமகக் குறிகள் எல்லாம் ஸ்வரத்துக்கு மேலே சின்னச் சின்னதாக உட்கார்ந்திருக்கும். தெலுங்கு அச்சிலிருந்து தமிழுக்கு வரும்போதோ கணினியில் ஏற்றும்போதோ ஒரு குறி பக்கத்து ஸ்வரத்துக்கு நகர்ந்திருந்தால், அது எந்தக் கட்டத்தில் நடந்தது என்று பின்னால் வருகிறவர் கண்டுபிடிக்க வேண்டுமே. எந்த வடிவத்தைப் பார்த்தீர்கள் என்று தெரியாவிட்டால் அவர் எங்கே போய்த் தேடுவார்?

அப்புறம் அந்த ரசிகர். சுப்பராம தீட்சிதர் 1906-ல் காலமானார். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆனால் நூல் பொதுச் சொத்து. ஆனால் எண்ணிப் பார்த்த உழைப்பு அந்த ரசிகருடையது. மூலநூலை மட்டும் போட்டால் அவர் கண்டது உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். அவருடைய புனைபெயரை அப்படியே போடுங்கள். உண்மைப் பெயரைத் துருவிப் போடுவது கூடாது, மறைத்து எழுதுவது அவர் விருப்பம். பதிவின் தலைப்பு, வெளியான தேதி, நீங்கள் பார்த்த தேதி, முகவரி எல்லாம் வேண்டும். கூடவே, இணையப் பக்கங்களை நகலெடுத்துக் காக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு நகல் சேமித்து அந்த முகவரியையும் கொடுங்கள், வலைப்பதிவு எப்போது காணாமல் போகும் என்று யாருக்கும் தெரியாது. அட்டவணையை முழுசாக எடுத்துப் போடுவதாக இருந்தால் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இணையத்தில் பக்க எண் இல்லையே என்பார்கள். அமெரிக்காவின் இசைக் கோட்பாட்டுச் சங்கம் 1993 முதல் இணையத்திலேயே நடத்துகிற மியூசிக் தியரி ஆன்லைன் இதழைப் பாருங்கள். பக்கமே கிடையாது, பத்திக்குப் பத்தி எண் போட்டிருப்பார்கள், அதை வைத்துத்தான் மேற்கோள். வலைப்பதிவில் எண் இல்லாவிட்டால் எந்த உட்தலைப்பின் கீழ் என்று சொல்லலாம்.

நெறியாளருக்கும் ஒரு வழி இருக்கிறது. தமிழ்ப் பதிப்பை வைத்து நீங்களே ஒரு முறை எண்ணுங்கள். சரியாக வந்தால், "இதை முதலில் சுட்டியவர் இன்னார், அகாடமி பதிப்பில் சரிபார்த்தேன்" என்று எழுதுங்கள். சான்று நூலிலிருந்து, கண்டுபிடிப்பு அவரிடமிருந்து. வித்தியாசம் வந்தால் அதையும் எழுதுங்கள், அது உங்கள் பங்கு.

டவுன்காரன்:

நூலகர் அண்ணாச்சி சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் நெல்லையப்பர் கோயில் மணிமண்டப இசைத்தூண்களைப் பற்றி எழுதுகிறவர்கள், "கல்பாக்கம் விஞ்ஞானிகள் ஆராய்ந்து நிரூபித்தார்கள்" என்று ஒரு வரி சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க ஒலியியல் சங்க இதழில் 2008-ல் வந்த அவர்கள் கட்டுரை, ஹம்பி விட்டலர் கோயில் மகாமண்டபத் தூண்களைப் பற்றியது. தலைப்பிலேயே ஹம்பி என்று இருக்கிறது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போட, கட்டுரையை யாருமே திறக்கவில்லை. நம் தூணுக்குப் பெருமை சேர்க்க ஹம்பித் தூணின் அளவுகள் எதற்கு?

கொடைவிழா ரசிகை:

காணொளிக்கும் இதே கதைதான். சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்தை யாரோ செல்போனில் எடுத்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். தாளத்தை அலசிக் கட்டுரை எழுதுகிறவர் சேனல் பெயரை மட்டும் போடுகிறார். மகுடம் என்ற தோல்கருவியை அடித்த கலைஞர் பெயர், பாடிய அண்ணாவி பெயர், எந்த ஊர்க் கொடை, ஒன்றும் இருக்காது. கீழே கருத்துப் பெட்டியில் கேட்டாலே ஊர்க்காரர் யாராவது சொல்லிவிடுவார்கள். நிமிடம், நொடியோடு கலைஞர் பெயரை முதலில் போட்டு, சேனலை அடுத்து எழுதுங்கள்.

எட்டயபுரத்துக்காரி:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. இன்னும் ஒன்று. கருத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளில் ஒப்புமை 10 சதவீதத்துக்குள் வந்தால் பிரச்சினை இல்லை, வலைப்பதிவைச் சொல்லவே வேண்டாம் என்று கூடப் படிப்பவர்கள் சொல்கிறார்களே?

பாளை நூலகன்:

அந்த 10 சதவீதம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் வருவது. மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடும். அட்டவணையிலிருந்து எடுத்த கருத்தை உங்கள் வாக்கியத்தில் எழுதினால் அதற்குத் தெரியாது. ஆனால் அதே விதிமுறை, பிறர் படைப்பையோ கருத்தையோ தனதாகக் காட்டுவது கருத்துத் திருட்டு என்றுதான் வரையறை சொல்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து நெறியாளரிடம் காட்டுங்கள். அகாடமி பதிப்பு ஒன்று, வலைப்பதிவு ஒன்று என்று இரண்டு அடிக்குறிப்பையும் எழுதிக் கொண்டுபோனால் அவருக்கும் மறுக்க இடமிருக்காது.