மார்பகத்தின் அடியில் அரிப்பு: களிம்பு தடவினால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது

கரூர் தையற்காரி:
வீட்டில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் இங்கே கேட்கிறேன். வயது 43. நாள் முழுக்கத் தகரக் கூரையின் கீழே தையல் வேலை. சித்திரையிலிருந்து இரண்டு மார்பகங்களின் அடி மடிப்பிலும் அரிப்பு. தோல் சிவந்து, மடிப்பின் நடுவில் பிளேடால் கீறியதுபோல் ஒரு கோடு வெடித்திருக்கிறது. மருந்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. நிறுத்திய ஒரு வாரத்தில் முன்னைவிட அகலமாக வந்துவிட்டது. இப்போது மூன்றாவது டியூப்.

நாமக்கல் வாசகி:
வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுங்கள் அக்கா. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஓய்வுபெற்ற செவிலி:
வெடித்த தோலில் எதையும் அரைத்துப் பூச வேண்டாம் அம்மா. ஈரம் அங்கேயே தங்கிவிடும். டியூபில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களை எழுதுங்கள். சிவப்புக்கு வெளியே தனிப் புள்ளிகள் உண்டா? முலைக்காம்பில் ஏதாவது?

கரூர் தையற்காரி:
கடுகு தெறித்ததுபோல் புள்ளிகள் இருக்கின்றன. காம்பில் ஒன்றும் இல்லை. டியூபில் க்ளோபெட்டசால், மைக்கோனசோல், நியோமைசின்.

ஓய்வுபெற்ற செவிலி:
நினைத்தேன். க்ளோபெட்டசால் மிகவும் வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். மடிப்புத் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் விழுவதுபோல் வரிகள் விழும், அவை மறையாது. நீங்கள் சொல்வது வியர்வை ஈரத்தில் வளரும் கேண்டிடா பூஞ்சைபோல் தெரிகிறது. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலும் க்ளோட்ரிமசோல் போன்ற ஸ்டீராய்டு இல்லாத களிம்பைச் சில வாரங்களுக்குத் தருவார்கள். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். குளித்ததும் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, மின்விசிறி முன்னால் உலரவிட்டு, பிறகு உள்ளாடை அணியுங்கள். அதைக் குளியலறைக் கொடியில் சேலைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் வழக்கம் நமக்கெல்லாம் உண்டு, வெயிலில் போடுங்கள். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தாலும் இந்தப் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

திண்டுக்கல் மருமகள்:
காம்பைப் பற்றி ஏன் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். என் மாமியாருக்கு ஒரு பக்கக் காம்பில் மட்டும் செதில், அரிப்பு, கசிவு. படை என்று எட்டு மாதம் களிம்பு தடவினார். துணுக்கு எடுத்துச் சோதித்தபோது பேஜெட் நோய், அதாவது புற்றுநோய் வகை என்று தெரிந்தது.

ஓய்வுபெற்ற செவிலி:
ஆமாம், அரிதுதான். ஆனால் காம்பில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண்ணைக் களிம்பு தடவிக்கொண்டே காத்திருக்கக் கூடாது.

கரூர் தையற்காரி:
இன்று போய்வந்தேன். தோலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தார்கள், பூஞ்சைதான். வெறும் வயிற்றில் சர்க்கரை 168, அதிகம்தான். அரிப்பைச் சொல்லக் கூச்சப்பட்ட நான், இப்போது வீட்டில் எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.