தனியார் புலனாய்வு உரிமத்திலிருந்து தொழில் விலக்கு: கணினித் தடய ஆய்வுக்குப் பொருந்துமா?

கேள்வி: கணினிப்பணி

அனைவருக்கும் வணக்கம். நான் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனத்தின் தகவல் பாதுகாப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். விலகிச் சென்ற ஊழியர்கள் வாடிக்கையாளர் பட்டியலையோ வரைபடக் கோப்புகளையோ நகலெடுத்துச் சென்றார்களா என்று அவர்கள் பயன்படுத்திய மடிக்கணினிகளை ஆராய்ந்து அறிக்கை தருவதும் என் பணியில் அடங்கும். கணினித் தடய ஆய்வு எனப்படும் இதையே இனித் தனித்தொழிலாகச் செய்ய எண்ணியுள்ளேன். ஒரு வழக்கறிஞர் அலுவலகம் தன் கட்சிக்காரர்களின் வழக்குகளுக்காக என்னை ஒப்பந்த அடிப்படையில் அமர்த்திக்கொள்ளவும் முன்வந்துள்ளது. தனியார் புலனாய்வு உரிமம் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது என்கிறார் ஒரு நண்பர். வழக்கறிஞருக்காகச் செய்யும் பணி என்பதாலும், நான் பொறியியல் பட்டதாரி என்பதாலும் விலக்கு உண்டு என்கிறார் இன்னொருவர். இன்று உரிமம் இல்லாமல் செய்கிற அதே வேலைக்கு நாளை மட்டும் உரிமம் எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: சட்ட உதவியாளர்

வணக்கம். டெக்சாஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சட்ட உதவியாளராக இருக்கிறேன். இந்தக் கேள்வி எங்களிடம் அடிக்கடி வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். டெக்சாஸ் தொழில்கள் சட்டத்தின் 1702ஆம் அத்தியாயம், ஒரே முதலாளியிடம் முறையான ஊழியராக இருந்து, அந்த முதலாளியின் காரியங்களுக்காக மட்டுமே புலனாய்வு செய்பவருக்கு 323ஆம் பிரிவில் விலக்கு அளிக்கிறது. இன்று உங்களைக் காப்பது அதுதான். ஊழியர் என்ற உறவு முடிந்து நீங்கள் ஒப்பந்தக்காரராக மாறும் நாளில், நீங்கள் செய்யும் வேலை அப்படியே இருந்தாலும் அந்தக் காப்பு நீங்கிவிடுகிறது.

அடுத்தது வழக்கறிஞர் விலக்கு. 324ஆம் பிரிவு, வழக்கறிஞர் தம் சட்டத் தொழிலைச் செய்யும்போது அவருக்கு விலக்குத் தருகிறது. அவர் வெளியிலிருந்து அமர்த்திக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் அந்த விலக்கு நீளும் என்று அதில் சொல்லப்படவில்லை. அதே பிரிவின் இறுதியில் வரும் ஒரு நிபந்தனையைப் பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். விலக்குக்கு அடிப்படையான தொழிலோடு நேரடியாகத் தொடர்புடைய, அதைச் சார்ந்த செயல்களுக்கு மட்டுமே விலக்கு செல்லும். அத்தொழிலுக்குப் புறம்பான செயல்களுக்குச் செல்லாது.

பொறியாளர் விலக்கும் அப்படித்தான். சட்டம் கூறுவது 1001ஆம் அத்தியாயத்தின் கீழ் உரிமம் பெற்ற பொறியாளரை. பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது. 1998இல் மென்பொருள் பொறியியலையும் உரிமத்துக்குரிய துறையாக டெக்சாஸ் ஏற்றுக்கொண்டது; பொறியாளர் உரிமம் உங்களிடம் இருந்தால் நிலைமை வேறு. இருந்தாலும் ஒருவருடைய அரட்டைச் செய்திகளைப் படித்து அவர் யாருடன் என்ன பேசினார் என்று எழுதுவதைப் பொறியியல் பணி என்று நிலைநாட்டுவது எளிதல்ல.

பதில் 2: தணிக்கைமேசை

நான் கலிஃபோர்னியாவில் மோசடிக் கணக்காய்வு செய்பவன். எங்கள் மாநிலத்தின் வணிக, தொழில்கள் சட்டத்தில் 7522ஆம் பிரிவு விலக்குகளை வரிசைப்படுத்துகிறது. வழக்கறிஞர்கள், வங்கிகள், உரிமம் பெற்ற காப்பீட்டு இழப்பு மதிப்பீட்டாளர்கள், பொது ஆவணங்களிலிருந்து மட்டும் தகவல் திரட்டுபவர்கள் ஆகியோர் அதில் வருகிறார்கள். அந்த ‘மட்டும்’ என்ற வரம்பைக் கவனியுங்கள். பதிவு அலுவலகத்தில் சொத்துப் பத்திரத்தை எடுத்துத் தருபவர், போகிற வழியில் அந்த வீட்டின் முன் காரை நிறுத்தி யார் வந்து போகிறார்கள் என்று குறித்துக்கொண்டால், அந்தப் பகுதி விலக்கில் அடங்காது.

உரிமம் பெறுவதும் இங்கு எளிதன்று. பொதுவாக 6,000 மணி நேரப் புலனாய்வு அனுபவம் கேட்கிறார்கள்; சட்டம் அல்லது காவல் அறிவியலில் பட்டம் பெற்றிருந்தால் 4,000 மணி நேரம். திறமையான கணினி வல்லுநர்களை இப்படி வாசலிலேயே நிறுத்துவது நியாயமா என்ற கேள்வி எனக்கு உண்டு. ஆனால் பிறர் வாழ்க்கையைத் தோண்டிப் பார்க்கும் தொழிலுக்கு யாரோ ஒருவர் பொறுப்புக்கூற வேண்டும் என்பதையும் மறுக்க முடியவில்லை.

கேள்வியாளர்: கணினிப்பணி

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. நான் யாரையும் பின்தொடர்வதில்லை. மடிக்கணினியின் சேமிப்பகத்தை, அதில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் கருவி வழியாக இணைத்து, முழு நகல் எடுத்து, மூலத்தின் ஹேஷ் மதிப்பும் (தரவிலிருந்து கணக்கிடப்படும், விரல்ரேகை போன்ற அடையாளக் குறி) நகலின் ஹேஷ் மதிப்பும் ஒன்றுதானா என்று சரிபார்த்து, பிறகு நகலில் மட்டுமே ஆய்வு செய்கிறேன். இதுவும் புலனாய்வு ஆகுமா?

பதில் 3: சட்ட உதவியாளர்

டெக்சாஸில் ஆகும் என்றே கருதிச் செயல்படுங்கள். 2007இல் செய்யப்பட்ட திருத்தம், பொதுமக்களுக்குக் கிடைக்காத கணினித் தரவின் உள்ளடக்கத்தை ஆராய்ந்து தகவல் தருவதையும் புலனாய்வு நிறுவனத்தின் பணியில் சேர்த்தது. பழுது பார்ப்பவருக்குக் கவலையில்லை: கோளாற்றைக் கண்டறிவதற்காக மட்டுமே தரவைப் பார்த்து, தற்செயலாக எதையாவது காண நேர்ந்தால் அது புலனாய்வு ஆகாது என்று சட்டமே கூறுகிறது. நீங்கள் சொன்னதில் நகலெடுப்பது வரை தொழில்நுட்பப் பணி என்று வாதிட இடமுண்டு. அழிக்கப்பட்ட கோப்பை மீட்டு, எந்தத் தேதியில் எந்த யூஎஸ்பிக்கு அது போயிற்று என்று எழுதத் தொடங்கிய பிறகு அந்த வாதத்துக்கு இடமில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் விடை மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மிச்சிகன் 2008இல் நீதிமன்றச் சான்றுக்கான கணினித் தடய ஆய்வைத் தன் புலனாய்வாளர் உரிமச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், இத்தகைய பணிக்குப் புலனாய்வு உரிமம் கேட்க வேண்டாம் என்று மாநிலங்களை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. வர்ஜீனியா தன் சட்டத்தில் இப்பணிக்கு வெளிப்படையாகவே விலக்கு எழுதியிருக்கிறது. ஆகவே வழக்கு எந்த மாநிலத்தில் நடக்கிறது, கணினி எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்காமல் வேலையை ஏற்காதீர்கள்.

டெக்சாஸில் உரிமமின்றிச் செய்வது ஏ வகுப்புக் குற்றம்: ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். உரிமம் இல்லை என்று தெரிந்தே அமர்த்துபவரும் சிக்குவார் என்பதால், அந்த வழக்கறிஞர் அலுவலகத்திடம் இதை இப்போதே பேசிவிடுவது உங்கள் இருவருக்கும் நல்லது.

பதில் 4: தணிக்கைமேசை

அவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உரிமம் கிடைக்கும் வரை, ஏற்கெனவே உரிமம் பெற்ற புலனாய்வு நிறுவனம் ஒன்றில் முறைப்படி ஊழியராகச் சேர்ந்து, அதன் பெயரில் இந்த வழக்குகளைச் செய்வது பலர் பின்பற்றும் வழி. ஊழியராகவும் தனிப் பதிவு தேவையா என்பதை டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் தனியார் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு செயலையும் அந்தக் கடிதத்தில் விவரித்து, பதிலை எழுத்து வடிவிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் கூடுவதால், ஒவ்வொரு கூட்டத்தொடருக்குப் பிறகும் 1702ஆம் அத்தியாயத்தை மறுபடி ஒருமுறை படித்துவிடுங்கள்.