கலிஃபோர்னியாவுல தோட்டா வாங்க பேக்ரவுண்ட் செக்: கோர்ட் தீர்ப்பு சரியா?

டல்லாஸ்காரன்: நியூஸ் பாத்தீங்களா மக்களே, கலிஃபோர்னியாவுல ஒவ்வொரு தடவ தோட்டா வாங்கும்போதும் வாங்குறவனுக்கு குற்ற ரெக்கார்டு, தடை எதுவும் இருக்கான்னு செக் பண்ணனும்னு 2019 ஜூலைலேர்ந்து ஒரு சட்டம் அமல்ல இருக்குல்ல, அது செல்லாதுன்னு ஒன்பதாவது சர்க்யூட்ங்கிற ஃபெடரல் அப்பீல் கோர்ட் 2025 ஜூலை 24ல ரெண்டு ஜட்ஜுக்கு ஒரு ஜட்ஜுன்னு சொல்லிருச்சு. கேஸ் போட்டது கிம் ரோடி, தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்ஸ்ல மெடல் வாங்குன ஷூட்டர். அந்தம்மாவுக்கே இந்த கதின்னா மத்தவன்லாம் எம்மாத்திரம். எங்க டெக்சாஸ்ல வயசு இருக்கான்னு பாப்பான், காசு வாங்குவான், அவ்ளோதான்.

சான்ஹோசே செல்வி: ஆமா, அதான் மளிகைக் கடைக்குள்ளயே தோட்டா விக்கிற மெஷின் வெச்சிருக்கீங்களே, பெருமையா பேசுங்க 😏 இங்க இது 2016ல ஜனங்களே ஓட்டு போட்டு கொண்டுவந்த சட்டம், ப்ரொபசிஷன் 63. 2012ல கொலராடோ ஆரோரா சினிமா தியேட்டர்ல சுட்டவன் ஆறாயிரம் தோட்டா கிட்ட ஆன்லைன்ல வாங்கி வெச்சிருந்தான், ஒருத்தரும் ஏன்னு கேக்கல. துப்பாக்கி வாங்கும்போது ஒழுங்கா இருந்தவன் அப்பறம் பொண்டாட்டிய அடிச்சு, துப்பாக்கி வெச்சுக்கக் கூடாதுன்னு கோர்ட் அவனுக்கு ஆர்டர் போடுதுன்னு வைங்க, அவன் வீட்ல துப்பாக்கி ஏற்கனவே இருக்கு, அவன எங்க புடிப்பீங்க? தோட்டா வாங்க வர்ற எடத்துலதான் புடிக்க முடியும்.

டல்லாஸ்காரன்: புடிச்சது எத்தன பேர்னு பாருங்க முதல்ல. 2024 ஜனவரில இதே கேஸ்ல கீழ்க்கோர்ட் ஜட்ஜ் பெனிடெஸ் எழுதுன தீர்ப்ப படிங்க, வந்தவங்கள்ல சுமார் 11 சதவீதம் பேர திருப்பி அனுப்பிருக்காங்க, அதுல பெரும்பாலானவங்க குற்றவாளியே கெடையாது, ரெக்கார்டுல அட்ரஸ் ஒத்துப்போகல, இல்லன்னா துப்பாக்கி பழசு, சிஸ்டத்துலயே இல்ல. 1968 ஃபெடரல் சட்டத்துல தோட்டா வாங்குறவன் விவரத்த கடைக்காரன் நோட்டுல எழுதணும்னு இருந்துச்சு, பிரயோஜனம் இல்லன்னுதான் 1986ல அத எடுத்தாங்க.

ஓக்லண்ட் மாமா: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நான் ஒரு ஷாட்கன் வெச்சிருக்கேன், வாத்து வேட்டைக்கு. அந்தப் பொண்ணு சொல்றதும் வாஸ்தவம் தம்பி சொல்றதும் வாஸ்தவம். வீடு மாறுனேன், லைசென்ஸ்ல புது அட்ரஸ், துப்பாக்கி ரெக்கார்டுல பழசு, கவுண்டர்ல சிவப்பு விழுந்துருச்சு, ஒரு பாக்ஸ் தோட்டாவுக்கு நான் என்னவோ கொலகாரன் மாதிரி பின்னாடி நின்ன பையன் பாக்குறான். ரெக்கார்டு ஒத்துப்போனா ஒரு டாலர் செக், அதயும் 2025 ஜூலைலேர்ந்து 5 ஆக்கிட்டாங்க, ஒத்துப்போகலன்னா 19 டாலர் கட்டிட்டு நாள்கணக்கா காத்திருக்கணும். போதாததுக்கு 2024 ஜூலைலேர்ந்து 11 சதவீதம் வரி வேற. சரி பக்கத்து மாநிலம் நெவாடாவுல ரெனோ வரைக்கும் ஓட்டிட்டுப் போய் வாங்கிட்டு வரலாம்னா அதுவும் குத்தம். செக் வேணாம்னு சொல்லல, இந்த லட்சணத்துல வேணாம்.

சான்ஹோசே செல்வி: மாமா அது சாஃப்ட்வேர் கோளாறு, அதுக்கு சட்டத்தயே தூக்கணுமா? இல்லினாய் மாநிலத்துல அரசாங்கம் குடுக்குற ஒரே கார்டுதான், துப்பாக்கிக்கும் அதான் தோட்டாவுக்கும் அதான், 1968லேர்ந்து ஓடுது. நியூயார்க்லயும் 2023 செப்டம்பர்லேர்ந்து ஒவ்வொரு தடவயும் செக் இருக்கு.

டல்லாஸ்காரன்: ஓட்டு போடவும் கார்டு, 19 டாலர்னு கேட்டா ஒத்துப்பீங்களா? ரெண்டும் அரசியல் சாசன உரிமைதான்.

சான்ஹோசே செல்வி: ஓட்டுச்சீட்டால யாரும் சாகல சார்.

புதுசா வந்தவன்: எல்லாரும் சண்ட போடுங்க, எனக்கு ஒரு டவுட். தீர்ப்பு வந்துருச்சுல்ல, நாளைக்கே கடைக்குப் போய் செக் இல்லாம வாங்கலாமா? நான் ஹெச்1பி. அடுத்த வாரம் டீம் அவுட்டிங் ஷூட்டிங் ரேஞ்சுக்கு வேற.

ஓக்லண்ட் மாமா: தம்பி நில்லு. தீர்ப்பு அமலுக்கு வரல, கடையில பழையபடி செக்தான். ஆனா உனக்கு பிரச்சன அது இல்ல, ஃபெடரல் சட்டப்படி உன் விசாவுல துப்பாக்கியோ தோட்டாவோ கையில வெச்சிருக்கறதே தப்பு, டெக்சாஸா இருந்தாலும் இதே கததான். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு இருக்கு, முதல்ல வக்கீல்கிட்ட கேளு. டீம்ல பௌலிங் போலாம்னு சொல்லிப் பாரேன்.