பையனுக்கு 18 ஆகப் போகிறது. குழந்தைகள் டாக்டருக்குப் பிறகு யாரிடம் காட்டுவது?

கரூர்_அம்மா:
என் மகனுக்கு வரும் ஆவணியில் 18 முடிகிறது. பெருமூளை வாதம் (சி.பி.; மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை), கூடவே வலிப்பு. நடக்க மாட்டான், பேச்சும் இல்லை. ஆனால் எல்லாம் புரியும். கரண்ட் போனால் வீட்டில் முதலில் சிரிப்பது அவன்தான். எடை 29 கிலோ. கைக்குழந்தையிலிருந்து ஒரே குழந்தைகள் டாக்டர்தான் பார்த்து வருகிறார். சளி, வலிப்பு, மலச்சிக்கல் எதுவானாலும் அவரிடம்தான் ஓடுவோம். போன தடவை, "இனிமேல் பெரியவங்க டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா, இங்கே அட்மிட் போட முடியாது" என்றார். அவர் மேல் கோபம் இல்லை. அந்த வார்டுக் கட்டிலில் இவன் கால் வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும்.

சரி என்று ஒரு பெரிய மருத்துவமனையில் நியூரோ (நரம்பியல்) ஓ.பி.க்குப் போனோம். இத்தனை வருட ஃபைலை டாக்டர் திறக்கவே இல்லை. வலிப்புக்கான வால்ப்ரோயேட், க்ளோபசாம் மாத்திரைகள் இரண்டும் அப்படியே தொடரட்டும் என்றார். முதுகு வளைகிறதே என்றால் எலும்பு டாக்டரைப் பாருங்கள். சாப்பிடும்போது புரையேறுகிறது என்றால் கேஸ்ட்ரோ, அதாவது வயிற்று டாக்டர். அட்மிஷன் ஆனால் ஆண்கள் வார்டு, ராத்திரி பெண்கள் தங்கக்கூடாது என்கிறார் வாசலில் செக்யூரிட்டி. இவன் அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். இவனுக்கு ஊட்டத் தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

இவனை மொத்தமாகப் பார்க்கிற ஒரு டாக்டர் பெரியவர்கள் பக்கத்தில் யார்? 18க்கு அப்புறம் இவன் சிகிச்சைக்கு நான் கையெழுத்துப் போட முடியாது என்கிறார்களே, உண்மையா?

தேனி_அப்பா:
என் மகளுக்கு 23, இதே நிலைமைதான். நேராகச் சொல்கிறேன் தங்கச்சி, குழந்தைகள் டாக்டர் மாதிரி ஒருவர் அங்கே தானாக அமைய மாட்டார். நாம்தான் பிடிக்க வேண்டும். எங்களுக்குக் கை கொடுத்தது பி.எம்.ஆர்., அதாவது மறுவாழ்வு மருத்துவத் துறை. தசை இறுக்கம், முதுகு, சக்கர நாற்காலி, விழுங்குவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது அவர்கள் வேலை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இருக்கிறது; சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமே தனியாக இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் எல்லா வயதினரையும் பார்க்கிறது. அவ்வளவு தூரம் அடிக்கடி போக முடியாது. அதனால் காய்ச்சல் சளிக்கு வீட்டுப் பக்கம் பொறுமையான ஒரு பொது மருத்துவரையும் பழக்கி வையுங்கள். பையன் நன்றாக இருக்கும் நாளில் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். வலிப்போடு தூக்கிக்கொண்டு போகும் ராத்திரி அவருக்கு முதல் அறிமுகமாக இருக்கக் கூடாது.

பழைய டாக்டரை விடுவதற்கு முன் அவரிடம் ஒரே பக்கத்தில் ஒரு சம்மரி எழுதி வாங்குங்கள். ஃபைல் எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்கு யாரும் படிக்க மாட்டார்கள். அதில் முதல் வரி எடையாக இருக்கட்டும், 29 கிலோ என்று கொட்டை எழுத்தில். வயது 18 என்று பார்த்தால் டியூட்டி டாக்டர் கை பழக்கத்தில் பெரியவர்கள் டோஸ் எழுதிவிடும். எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம், எது முன்பு ஒத்துக்கொள்ளவில்லை, வலிப்பு எப்படி ஆரம்பிக்கும், எத்தனை நிமிடம் தாண்டினால் என்ன மருந்து, வலி வந்தால் எப்படிக் காட்டுவான், எப்படி உட்கார வைத்து ஊட்டுவது, எல்லாம் வேண்டும்.

கையெழுத்து விஷயம்: நடைமுறையில் பெற்றோரிடம்தான் வாங்குகிறார்கள். ஆனால் சட்டப்படி 18க்குப் பிறகு நீங்கள் தானாகக் கார்டியன் இல்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999 என்று ஒன்று இருக்கிறது. பெருமூளை வாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேளுங்கள். அரசின் மாதாந்திரப் பராமரிப்புத் தொகை வருகிறதா? அந்த பேங்க் கணக்கும் மைனர் கணக்காக இருந்தால் 18 ஆனதும் சிக்கும். அதற்கு அந்தக் குழு தரும் பாதுகாவலர் சான்றிதழ் உதவும், வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. மேனேஜருக்குத் தெரியவில்லை என்றால் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்!

பிசியோ_மதுரை:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். குழந்தைகளின் குறைபாடுகளுக்குச் சிகிச்சை தரும் அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் 18 வயது வரைதான். அதோடு பிசியோவை விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய. இடுப்பு எக்ஸ்ரேயும் முதுகு எக்ஸ்ரேயும் சமீபத்தியது ஒன்று கையில் இருக்கட்டும். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் வரை உண்டு, தெரபி செலவும் அதில் வரும். முதலில் நாம் கட்டி, பிறகு பில் அனுப்பி வாங்க வேண்டும். வருடாவருடம் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

வீல்சேர்_தம்பி:
அக்கா, எனக்கும் சி.பி.தான், வயது 26. கார்டியன் மனுவுக்கு முன்னால் ஒரு கேள்வி. தம்பி 'ஆமாம்', 'வேண்டாம்' எப்படிச் சொல்வான்? அதையும் அந்த சம்மரியில் எழுதுங்கள். எனக்கு 18 ஆனபோது வீட்டில் மனு போடக் கிளம்பினார்கள். எனக்கு வாய் இருந்தது, சண்டை போட்டுத் தடுத்தேன். அவனுக்கு அப்படி முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், குறிப்பிட்ட விஷயத்துக்கு மட்டும், அவரோடு கலந்து முடிவெடுக்கும் வரம்புள்ள பாதுகாவலர் என்றும் இருக்கிறது. அதையும் விசாரியுங்கள். தேனி அண்ணன் சொன்னது தவறில்லை, ஆனால் அது ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம்.

வார்டு பிரச்சினைக்கு செக்யூரிட்டியோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆர்.எம்.ஓ.விடம் (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள், யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை நகலோடு. சிகிச்சையில் முன்னுரிமை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அப்புறம், டாக்டர் உங்களைப் பார்த்தே பேசினால், "அவனிடமும் சொல்லுங்கள் சார்" என்று சொல்லிப் பழகுங்கள்.

கரூர்_அம்மா:
எல்லோருக்கும் நன்றி. தம்பி, வேண்டும் என்றால் புருவத்தைத் தூக்குவான், வேண்டாம் என்றால் கண்ணை இறுக மூடிக்கொள்வான். எழுதிவிடுகிறேன். மனுவைப் பற்றி அவன் அப்பா வந்ததும் மூன்று பேருமாக உட்கார்ந்து பேசுகிறோம். சம்மரிக்குத் திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறேன். எங்களுக்குத் திருச்சிதான் பக்கம். அங்கே அரசு மருத்துவமனையில் பி.எம்.ஆர். ஓ.பி. இருக்கிறதா, எந்தக் கிழமை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.