இரண்டாவது ஏற்றத்தில் ஸ்கின் கழன்றுவிடுகிறது: பசை போய்விட்டதா?

பனித்தடம்:

வணக்கம். ஸ்கீ டூரிங் (ஸ்கீயோடு பனிமலை ஏறி, சறுக்கி இறங்குவது) போகிறவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். என் ஸ்கின் (ஏறும்போது பின்னால் வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) முதல் ஏற்றத்தில் ஒரு குறையும் இல்லாமல் ஒட்டி நிற்கிறது. உச்சியில் கழற்றி, சறுக்கி இறங்கி, மறுபடி ஒட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்தால் அரை மணி நேரத்துக்குள் வால் பக்கம் தூக்கிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் பனி புகுந்து முன்னால் பரவுகிறது. கடைசியில் ஸ்கின் நுனி வளையத்தில் மட்டும் தொங்குகிறது.

போன முறை மைனஸ் 18 டிகிரி, பொடிப்பனி. மொஹேர் (வெள்ளாட்டு ரோமம்) 70, நைலான் 30 சதவீதக் கலவை ஸ்கின், மூன்றாவது சீசன். வீட்டில் தொட்டுப் பார்த்தால் பசை நன்றாகவே பிடிக்கிறது. புதிதாக வாங்க வேண்டுமா, பசை மட்டும் மாற்றினால் போதுமா? பாதி வழியில் இப்படி ஆனால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். கூட வருகிறவர்களைக் குளிரில் நிற்க வைப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்று: வலது டெக் பைண்டிங்கின் (பூட் முனையை இரண்டு பக்கமும் பற்றி ஸ்கீயோடு இணைக்கும் கருவி) முன்பகுதி சில சமயம் முழுதாக மூடாமல் பூட் நழுவுகிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

மேட்டுவழி:

வீட்டில் ஒட்டுகிறது, முதல் ஏற்றத்தில் ஒட்டுகிறது என்றால் பசை சாகவில்லை. பணத்தைச் செலவழிக்க அவசரப்படாதீர்கள். கோளாறு பெரும்பாலும் முதல் ஏற்றத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

சறுக்கி இறங்கியதும் ஸ்கீயின் அடிப்பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் பனித்துகள் படிந்திருக்கும். அதன்மேல் ஸ்கின்னை ஒட்டினால் பசை ஸ்கீயைத் தொடவே இல்லை, பனியைத்தான் தொடுகிறது. குளிரில் பசையும் விறைத்துப் போவதால், வெயில் நாளில் தாக்குப்பிடிக்கும் அதே தவறு மைனஸ் 18-இல் தாக்குப்பிடிக்காது.

ஒட்டுவதற்கு முன் அடிப்பாகத்தை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் ஒருமுறை வழியுங்கள். அப்புறம் உலர்ந்த கையுறையால் நுனியிலிருந்து வால்வரை அழுத்தித் துடையுங்கள். இரும்பு விளிம்பின் ஓரங்களை விட்டுவிடாதீர்கள், ஸ்கின் அங்கிருந்துதான் முதலில் பிரியும். நுனி வளையத்தை மாட்டி, ஸ்கின்னை இழுத்துப் பிடித்தபடியே ஒட்டிக்கொண்டு வாருங்கள். கடைசியில் உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள்.

இரண்டு விஷயம் தெரிந்தால் இன்னும் உறுதியாகச் சொல்லலாம். இறங்கும்போது ஸ்கின்னை எங்கே வைக்கிறீர்கள்? ஸ்கீக்கு மெழுகு எப்போது போட்டீர்கள்?

பனித்தடம்:

முதுகுப்பையின் மேல் பாக்கெட்டில் வைக்கிறேன். மெழுகு அந்தப் பயணத்துக்கு முந்தைய நாள் போட்டது. சூடாக உருக்கிப் போட்டு, ஆறியதும் வழித்துவிட்டேன்.

வெண்சரிவு:

இரண்டுமே காரணம் என்பேன். பையில் வைத்த ஸ்கின் வெளிக்குளிர் அளவுக்கு இறங்கிவிடும். கழற்றியவுடன் பசையும் பசையும் சேர மடித்து, ஜாக்கெட்டுக்கு உள்ளே வயிற்றருகே வைத்துக்கொள்ளுங்கள். உடல் சூட்டில் பசை இளகியே இருக்கும். காற்று அடிக்கும் உச்சியில் முழு ஸ்கின்னையும் உரித்துப் பறக்கவிட வேண்டாம். பாதி உரித்து அதை மடித்து, மீதியை உரித்து மடித்தால் பசையில் பனி ஏறாது.

மெழுகு விஷயம் பலரும் கவனிக்காதது. வழித்தால் மட்டும் போதாது, நைலான் பிரஷ் வைத்துத் தூள் வருவது நிற்கும் வரைக்கும் தேய்க்க வேண்டும். மிச்சமிருக்கும் மெழுகு பசையில் ஏறினால் அந்த இடம் வழவழவென்று ஆகிவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், மங்கலாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதுதான்.

அதை எடுக்க ஒரு வழி உண்டு. ஸ்கின்னைப் பசை மேலே இருக்கும்படி விரித்து, பூச்சு இல்லாத பழுப்புக் காகிதத்தை வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை மெதுவாக நகர்த்துங்கள். ஆவி வேண்டாம், ஒரே இடத்தில் நிறுத்தவும் வேண்டாம். காகிதம் மெழுகையும் அழுக்கையும் கொஞ்சம் பழைய பசையையும் உறிஞ்சிக்கொள்ளும், மிச்சப் பசை சமமாகப் பரவும். முதலில் வால் ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

கயிறுமுடிச்சு:

பாதி வழியில் ஆனால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதுதான் இந்த இழையில் முக்கியமான கேள்வி. ஸ்கின் போனால் ஏற முடியாது. ஸ்கீயைக் கழற்றிவிட்டு நடக்கலாம் என்றால் பொடிப்பனியில் இடுப்புவரை புதையும்.

ரப்பர் போல இழுபடும் ஸ்கீ ஸ்ட்ராப் நான்கு எப்போதும் பையில் இருக்கட்டும். வால் பக்கம் ஒன்று, பூட் குதிகாலுக்குப் பின்னால் ஒன்று என்று ஸ்கீயைச் சுற்றி இறுக்கினால், பசையே பிடிக்காத ஸ்கின்கூட நிற்கும். வழுக்கிப் போகும் சுகம் போய்விடும், குறுக்குச் சரிவில் விளிம்பு சரியாகக் கடிக்காது, ஆனாலும் வீடு வந்து சேரலாம். டக்ட் டேப் இரண்டாம்பட்சம்தான். ஈரத்தில் அது ஒட்டாது, ஒட்டினாலும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எங்கே நின்று சரிசெய்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். மேலே பனி ஏறிய சரிவு இருக்கும்போது அதன் அடியிலோ நடுவிலோ நின்றுகொண்டு ஸ்கின்னோடு போராட வேண்டாம். தட்டையான, பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிட்டு எல்லாரும் சேர்ந்து பாருங்கள். இரண்டு ஸ்கின்னும் ஸ்ட்ராப்பில் நிற்கும் நிலை வந்தால் அன்றைக்கு ஏற்றம் முடிந்தது. நண்பர்கள் காத்திருப்பதை நினைத்து வருந்தாதீர்கள், முதல் முறை வால் தூக்கும்போதே சொல்லிவிடுவது அவர்களுக்கும் நல்லது.

வெயில்பனி:

பசையே இல்லாத சிலிகான் வகை ஸ்கின் வாங்கிவிடலாமே? உரிப்பது சுலபம், அழுக்கானால் கழுவிக்கொள்ளலாம்.

மேட்டுவழி:

அது நல்ல பொருள்தான். ஆனால் அடிப்பாகத்தில் ஈரமும் பனியும் இருந்தால் அதுவும் பிரியும். துடைக்கும் பழக்கம் வராமல் எந்த ஸ்கின்னை மாற்றினாலும் இதே கதைதான்.

பைண்டிங் பற்றி யாரும் சொல்லவில்லை. ஸ்கின்னுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, இரண்டிலும் புகுவது பனி. முன்பகுதி லிவருக்கு (பூட்டும் நெம்புகோல்) அடியில் பனி மிதிபட்டு ஐஸாக இறுகினால் பற்றும் கைகள் முழுதாக மூடாது. கோலின் முனையால் அதைக் குத்தி எடுங்கள். பூட் முனையின் இரண்டு பக்கக் குழிகளையும் சுத்தம் செய்யுங்கள். மாட்டியபின், பூட்டுவதற்கு முன், குதிகாலை மேலும் கீழும் சில முறை ஆட்டினால் உள்ளே இருக்கும் துகள் வெளியேறும். அதற்கு அப்புறம்தான் லிவரைத் தூக்கிப் பூட்ட வேண்டும். இறங்கும்போது அந்தப் பூட்டு எடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியே இருந்தால் விழும்போது ஸ்கீ கழலாமல் முழங்காலைத் திருகிவிடும்.

பனித்தடம்:

எல்லாருக்கும் நன்றி. பழுப்புக் காகிதத்தில் மெழுகுக் கறை திட்டுத் திட்டாக வந்தது. அதற்கு அப்புறம் போன பயணத்தில் ஸ்கின்னை ஜாக்கெட்டுக்குள் வைத்து, ஒவ்வொரு முறையும் துடைத்து ஒட்டினேன், கடைசி ஏற்றம்வரை நின்றது. பைண்டிங்கிலும் சொன்ன மாதிரியே ஐஸ் இருந்தது. இடது ஸ்கின்னின் வால் நுனி மட்டும் இன்னும் இரண்டு விரல் அளவு தூக்குகிறது.

வெண்சரிவு:

இடது வால் கிளிப்பின் (ஸ்கின்னை ஸ்கீயின் வாலில் மாட்டும் கொக்கி) ரப்பர் பட்டையை வலதுடன் வைத்துப் பாருங்கள். தளர்ந்து நீண்டிருந்தால் ஒரு துளை உள்ளே தள்ளி மாட்டுங்கள், அதற்கும் இழுவை வராவிட்டால் பட்டையை மட்டும் மாற்றினால் போதும்.