அம்மாவோடு நீஸ் போகிறோம்: எந்த மாதம் நல்லது, என்ன சாப்பிடலாம்?

சுங்கை சிப்புட் மகன்:
வணக்கம். பிரான்சின் தென்கரையில் உள்ள நீஸ் நகரத்தில் ஆறு நாள் தங்கப் போகிறோம். நவம்பர் என்று நினைத்திருக்கிறேன். அம்மாவுக்கு 71 வயது, முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மாட்டிறைச்சி தொடமாட்டார், மீன் சாப்பிடுவார். குளிர் தாங்குமா?

பாகான் டத்தோ கப்பல்காரன்:
தம்பி, நவம்பர் வேண்டாம். அங்கே கோடையில் மழை அபூர்வம். அக்டோபர், நவம்பரில்தான் கொட்டும். மே மாதம் போங்கள். குளிருக்குப் பயப்படாதீர்கள். வடக்கே ஆல்ப்ஸ் மலை குளிர்காற்றை மறிப்பதால் ஜனவரியில்கூடப் பகலில் 13 டிகிரி இருக்கும்.

நான் கப்பல் சமையல்கட்டில் இருந்தபோது, பக்கத்து வில்ஃப்ரான்ஷில் நங்கூரம் போட்டதும் சோக்கா தின்ன ஓடிவிடுவேன். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வேகவைப்பார்கள். ஓரம் முறுகியதும் சுரண்டி எடுத்து மிளகுத்தூள் தூவித் தருவார்கள். சுடச்சுடத் தின்ன வேண்டும், ஆறினால் ருசி போய்விடும். அம்மா பசியாற இது போதும். ரொட்டி மாவின்மேல் வதக்கிய வெங்காயமும் உப்பு நெத்திலியும் வைத்த பிசாலாதியேரும் அவருக்குப் பிடிக்கும். ஆனால் ரவியோலி என்று மாவுக்குள் பூரணம் வைத்து வேகவைத்துத் தருவார்கள்; அந்த ஊரில் அதற்குள் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். கேட்காமல் வாங்காதீர்கள்.

அப்புறம், கடலோரப் பாதை. பெயர் 'ஆங்கிலேயர் உலாப்பாதை'. பனிக்காலத்தைக் கழிக்க வந்த ஆங்கிலேயர் 1820களில் பணம் போட்டார்கள். வேலையில்லாத ஏழைகள் கூலிக்குப் பாதை போட்டார்கள். நான் தோட்டத்தில் பிறந்தவன். துரை பெயரில் ரோடு, கல் சுமந்தவர் எங்கள் தாத்தா. அங்கே நடக்கும்போதெல்லாம் அவர் நினைவுதான் வரும். ஊரே 1860இல்தான் பிரான்சோடு சேர்ந்தது. அதற்கு முன் நெடுங்காலம் சவோய் அரச குடும்பத்தின் கையில் இருந்தது. பழைய நகரத் தெருப்பலகைகளில் பிரெஞ்சோடு நீஸ்காரர்களுடைய சொந்த நிசார் மொழியும் இருக்கும், அம்மாவுக்குக் காட்டுங்கள்.

தாப்பா அக்கா:
தம்பி, அந்தக் கரையில் நம் கடற்கரை போல மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல். அம்மாவுக்கு நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். முட்டி வலித்தால் உலாப்பாதையில் நீல நாற்காலிகள் போட்டிருப்பார்கள், கடலைப் பார்த்து உட்காரலாம்.

சுங்கை சிப்புட் மகன்:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ரவியோலியை இரண்டு தரம் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார். பாதையின் கதையைக் கேட்டதும் எங்கள் தோட்டத்து ரோட்டுக்குச் செம்மண் கொட்டிய தன் அப்பாவைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். மே மாதத்துக்கே டிக்கெட் பார்க்கிறேன்.